பெட்ரோல் நூறு ரூபாய்: பழைய காரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது 2021 ஜூலைத் தொடக்கத்தில். அடுத்த மாதமே மாநில அரசு வரியில் 3 ரூபாய் குறைத்தது. 2022 ஏப்ரலில் 110 ரூபாயையும் தாண்டியது, மே மாதம் மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்ததும் 102 சொச்சத்துக்கு இறங்கியது, 2024 மார்ச்சில் இன்னொரு 2 ரூபாய் குறைந்தது. அதற்கப்புறம் நீண்ட நாள் 101 ரூபாயை ஒட்டியே நின்றது. இந்த வருஷங்களில் சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பாவின் 2009 சான்ட்ரோவும் என்னுடைய 2014 வேகன்ஆரும் இருக்கின்றன, இரண்டுக்கும் வாங்கிய நாள் முதல் பெட்ரோல் கணக்கு நோட்டில் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கீழே எல்லா இடத்திலும் லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்திருக்கிறேன்.

என் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் தருகிறது. விற்றுவிட்டு 20 தருகிற புது கார் வாங்கினால் பெட்ரோல் செலவு பாதியாகுமே, வாங்கிவிடலாமா?

முதலில், பாதியாகாது. 12 கொடுக்கிற காரில் ஒரு கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 33 காசு, 20 கொடுக்கிற காரில் 5 ரூபாய், ஆக மிச்சம் 3 ரூபாய் 33 காசு. மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் மாதத்துக்கு 2,000 ரூபாய் மிச்சமாகும். ஆறு லட்சம் கடன், ஐந்து வருஷம், ஒன்பதரை சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 12,600 ரூபாய் வரும். இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கப் பன்னிரண்டாயிரம் கட்டுகிற கணக்கு இது. பங்க்கில் 3,000 ரூபாய் எடுத்துக் கொடுக்கும்போது கையில் வலிக்கிறது, தவணை பேங்க்கில் தானாகப் பிடித்துக்கொள்வதால் அந்த வலி தெரிவதில்லை. என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் மாதம் 500, 700 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: பெட்ரோலுக்காக மாற்றாதீர்கள். வேறு காரணம் இருந்தால் அதைத் தனியாகப் பேசலாம், கீழே பேசுகிறேன்.

அப்படியானால் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடினால் மாற்றுவது லாபம்?

கணக்கை முழுசாகவே போட்டுப் பார்ப்போம். புது கார் கைக்கு வரும்போது ஏழரை லட்சம். பழைய கார் 1,20,000-க்குப் போகிறது, கையில் இருந்து 30,000, மீதி ஆறு லட்சம் கடன். ஐந்து வருஷத்தில் தவணையாக மட்டும் 7,56,000 கட்டியிருப்பீர்கள். பழைய கார் பணத்தையும் கைப்பணத்தையும் சேர்த்தால் 9,06,000. ஐந்து வருஷம் கழித்து அந்தக் காரை மூன்றரை லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைத்தால், உண்மையில் செலவானது 5,56,000, அதாவது வருஷத்துக்கு 1,11,000. புது காருக்கு இன்ஷூரன்ஸ் வருஷம் 10,000 கூடுதல், ஆனால் பழைய காருக்குச் செய்கிற ரிப்பேரில் 25,000 மிச்சம். எல்லாம் கழித்துக் கூட்டினால் புது காரின் பாரம் வருஷத்துக்கு 96,000 ரூபாய்.

இதை 3 ரூபாய் 33 காசால் வகுத்தால் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 29,000 கிலோமீட்டர், மாதத்துக்கு 2,400. தினமும் தாம்பரத்தில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போய் வருகிறவர், மருந்து விற்பனைக்காக மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுகிறவர், இவர்களுக்குத்தான் இந்த எண் எட்டும். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள், ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: பழைய காருக்கு வருஷ ரிப்பேர் 25,000 என்று நான் போட்டிருப்பது நல்ல நிலையில் உள்ள சின்ன காருக்கு. உங்களுக்கு வருஷம் 60,000 போகிறது என்றால் விடையே மாறிவிடும்.

மைலேஜ் எண்ணைப் பார்த்தே முடிவு செய்யலாம் அல்லவா? 18-ல் இருந்து 25-க்குப் போவது பெரிய தாவலாயிற்றே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் பாருங்கள். 18 என்றால் 55.6 லிட்டர், 25 என்றால் 40 லிட்டர், மிச்சம் பதினைந்தரை லிட்டர். இன்னொருவர் 10 கொடுக்கிற காரை 14-க்குக் கொண்டு வருகிறார். அவருக்கு 100 லிட்டர் 71 லிட்டராகிறது, மிச்சம் 29. நாலே நாலு புள்ளி ஏறியவருக்கு ஏழு புள்ளி ஏறியவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு லாபம். ஆகவே வீட்டில் இரண்டு வண்டி இருந்து ஒன்றைத்தான் கவனிக்க முடியும் என்றால், அதிகம் குடிக்கிற வண்டியை முதலில் கவனியுங்கள்.

டாஷ்போர்டில் காட்டுகிற மைலேஜை நம்பலாமா?

பழைய கார் பலவற்றில் அந்த வசதியே கிடையாது, இருக்கிற கார்களிலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். டேங்க் முழுக்க நிரப்புங்கள், பம்ப் தானாக நிற்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள், டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்க்கில் அதே பம்பில், மறுபடி தானாக நிற்கிற வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று முறை செய்து சராசரி எடுத்தால்தான் அது உங்கள் காரின் மைலேஜ். 500 ரூபாய்க்குப் போட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது.

100, 200 என்று போடாமல் 110, 210 என்று போட்டால் பெட்ரோல் கூடக் கிடைக்குமாமே? விடிகாலையில் போட்டால் கெட்டியாக இருக்குமாமே?

இரண்டிலும் ஒன்றுமில்லை. பம்ப் அளப்பது லிட்டரை, ரூபாய் அதில் இருந்து பெருக்கி வருவது. பெட்ரோல் இருப்பது பூமிக்குள் புதைத்த டேங்க்கில், காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது. சந்தேகம் இருந்தால் பங்க்கில் 5 லிட்டர் அளவைப் பாத்திரம் கேட்டு உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது, அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யுங்கள்.

முன்பு 16 கொடுத்த கார் இப்போது 11 தருகிறது. வயசானால் இப்படித்தான் என்கிறார்கள். உண்மையா?

பொதுவாக உண்மை இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன், இதில்தான் நிறையப் பேர் அவசரப்பட்டு நல்ல காரை விற்றிருக்கிறார்கள். நன்றாகப் பராமரித்த இன்ஜின் பத்துப் பதினைந்து வருஷத்தில் மைலேஜில் கொஞ்சம்தான் இழக்கும். 16 என்பது 11 ஆனால் எங்கேயோ ஒரு கோளாறு இருக்கிறது, கோளாறு என்றால் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம்.

அப்பாவின் சான்ட்ரோ இரண்டு வருஷத்துக்கு முன்னால் 15-ல் இருந்து பத்தரைக்கு இறங்கியது. திருச்சியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு இன்ஜின் இறக்கி வேலை பார்க்க வேண்டும், 45,000 ஆகும் என்றார்கள். அப்பா காரையே விற்கத் தயாராகிவிட்டார், எனக்கு மனசு கேட்கவில்லை. பாலக்கரைப் பக்கம் அந்த மாதிரி கார்களையே பல வருஷமாகப் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை, காரைச் சமதரையில் நிறுத்தி நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளச் சொன்னார். நகரவே இல்லை. பின்சக்கரம் ஒன்றில் பிரேக் சிலிண்டர் இறுகி, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்புறம் கூலன்ட் பக்கம் பார்த்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை, எப்போதோ ஒருவர் நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று கழற்றிப் போட்டிருக்கிறார். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகு நேரம் ஆகும், அதுவரை கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றும். இரண்டையும் சரிசெய்ய மொத்தம் 3,200 ரூபாய். அடுத்த மூன்று டேங்க்கும் பதினாலரைக்குக் குறையவில்லை. அப்பா இன்றைக்கும் அதே காரில்தான் காய்கறிச் சந்தைக்குப் போகிறார்.

நீங்கள் பார்க்க வேண்டிய வரிசை இது, செலவு குறைந்ததில் இருந்து தொடங்குங்கள். டயர் காற்று முதலில்: டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று எழுதியிருக்கும், டயர் சூடாகாத காலை நேரத்தில் பாருங்கள், கண்ணால் பார்த்துத் தெரியாது. அடுத்து ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். பிறகு பிரேக்: பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம், ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடிக்கிறது. வீல் அலைன்மென்ட். கிளட்ச்: ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி அதே அளவுக்கு ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. அதற்கும் மேலே ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர், இதற்கெல்லாம் ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் போங்கள், யூகத்தில் ஒவ்வொன்றாக மாற்றுகிறவரிடம் போகாதீர்கள். கார்புரேட்டர் உள்ள பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் சோக் முழுக்கத் திரும்புகிறதா என்று பாருங்கள், பாதியில் சிக்கி நின்றால் பெட்ரோல் தண்ணீராய்ப் போகும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஏறவில்லை, சைலன்சரில் நீலப் புகை வருகிறது, ஆயிலும் குறைகிறது என்றால் அப்போதுதான் இன்ஜின் வேலை பற்றிப் பேச வேண்டும்.

இ20 பெட்ரோலால் என் பழைய காருக்கு மைலேஜ் குறைகிறதா?

குறைகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்தது இ20, இப்போது பெரும்பாலான பங்க்கில் கிடைப்பது இதுதான். எத்தனாலில் ஒரு லிட்டருக்குள் இருக்கிற சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் குறையாமல் இருக்க வழியே இல்லை. மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, பழைய வகைப் பெட்ரோலுக்கு வடிவமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் இழப்பு இருக்கும் என்று எழுதியிருக்கிறது. லிட்டருக்கு 15 கொடுத்த கார் 14 ஆகும் அளவு. உங்கள் கார் 15-ல் இருந்து 10-க்கு வந்திருந்தால் அதற்கு எத்தனாலைக் காரணம் சொல்ல முடியாது, மேலே சொன்ன வரிசையில் தேடுங்கள்.

மைலேஜைவிட எனக்குக் கவலை ரப்பர் பாகங்கள்தான். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார்களில் பலவற்றின் ஹோஸ், சீல், கேஸ்கெட் எல்லாம் இ20-க்காகச் செய்தவை இல்லை, காலப்போக்கில் ஊறி விரிசல் விடலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே மாதக்கணக்கில் டேங்க்கில் பெட்ரோலை வைத்துக் காரை நிறுத்தாதீர்கள். சர்வீஸ் விடும்போது ஃபியூவல் ஹோஸை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள், இதில் தள்ளிப்போடுவது தீ விபத்து வரை போகும்.

ஓட்டுகிற விதத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

நெடுஞ்சாலையில் 100-ல் போகிறவர் 80-க்கு வந்தால் வித்தியாசம் டேங்க்கிலேயே தெரியும், காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு சேர்ந்து மளமளவென்று ஏறுகிற ஒன்று. ஊருக்குள் சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்துவிட்டால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுங்கள், கடைசி வரை மிதித்துக்கொண்டு போய்ப் பிரேக் அடிக்காதீர்கள். நியூட்ரலில் போட்டு இறக்கத்தில் விடுவது வேண்டவே வேண்டாம். இன்ஜெக்டர் வந்த கார்களில் கியரிலேயே காலை எடுத்தால் பெட்ரோல் அடியோடு நின்றுவிடும், நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடப் பெட்ரோல் தேவைப்படும். ஏற்காடு, கொல்லிமலை இறக்கத்தில் நியூட்ரல் என்பது உயிருக்கே ஆபத்து. பள்ளிக்கூட வாசலில் ஏ.சி. போட்டு அரைமணி நேரம் காத்திருப்பதும் பெட்ரோல்தான், தினமும் செய்தால் மாதத்தில் பல லிட்டர் அங்கேயே போய்விடும்.

சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு) கிட் போட்டுக்கொள்ளலாமா?

கணக்கு முதலில். 15 கொடுக்கிற காரில் பெட்ரோலுக்கு கிலோமீட்டர் 6 ரூபாய் 67 காசு. சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால் 4 ரூபாய் 50 காசு. மிச்சம் 2 ரூபாய் 17 காசு. கிட்டுக்கு 50,000 என்றால் 23,000 கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட காசு திரும்பும். மாதம் 600 ஓட்டுகிறவருக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கார் இருக்குமா என்று யோசியுங்கள். மாதம் 1,500 ஓட்டுகிறவர், வீட்டுக்குப் பக்கத்திலேயே சி.என்.ஜி. நிலையம் இருக்கிறது, கார் இன்னும் ஆறேழு வருஷம் தாங்கும் என்றால் தாராளமாகப் போடலாம்.

போட்டால் அங்கீகாரம் பெற்ற இடத்தில் போடுங்கள், ஆர்.சி.யில் ஏற்றுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் ஏற்றாத கிட் இருக்கிற கார் விபத்துக்குள்ளானால் இழப்பீடு கேட்டு அலைய வேண்டியிருக்கும். சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். வீட்டுச் சமையல் சிலிண்டரை டிக்கியில் வைத்து டியூப் போட்டு ஓட்டுகிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டுகிற வண்டி அது.

டீசல் கார் வாங்கினால்?

2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41. அந்தக் காலத்தில் டீசல் கார் வாங்கியவர்கள் சரியாகத்தான் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனபின் அந்த இடைவெளி கரைந்துவிட்டது, சென்னையில் 2025-ல் எட்டு ஒன்பது ரூபாய்தான். சின்ன டீசல் கார்களை மாருதி 2020-ல் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்தபோதே நிறுத்திவிட்டது. புது டீசல் கார்களில் புகைபோக்கியில் கரித்துகள் வடிகட்டி இருக்கும், ஊருக்குள் அஞ்சு கிலோமீட்டர் போய் அஞ்சு கிலோமீட்டர் வருகிறவருக்கு அது அடைத்துக்கொள்ளும். நீண்ட தூரம் போகிறவர்களுக்கு மட்டும் டீசல்.

15 வருஷம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாமே? அதற்கு முன்னால் விற்றுவிட வேண்டுமா?

அது டெல்லிக் கதை. டெல்லியில் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்கு நீதிமன்ற உத்தரவுகளால் தடை வந்தது, அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு இங்கே பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் அப்படித் தடை கிடையாது. நம் ஊரில் சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம், பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் இருந்து புதுப்பிக்கும் கட்டணம் காருக்கு 600-ல் இருந்து 5,000 ஆனது, 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. டிங்கரிங், பெயின்ட், விளக்கு, ஹார்ன், பிரேக் எல்லாம் பார்த்துக் கொண்டு போக வேண்டும், அதில் ஒரு செலவு இருக்கிறது. எல்லாம் சேர்த்து 20,000, 25,000 ஆனாலும் ஐந்து வருஷத்துக்கு அது மாதம் 400 சொச்சம். தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேதி முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே வேலையை ஆரம்பியுங்கள். தேதி தாண்டிய காரை ரோட்டில் எடுத்தால் பதிவு இல்லாத வண்டிக்குச் சமம், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும்.

புதுசு வேண்டாம், நாலு வருஷம் ஓடிய செகண்ட் ஹேண்ட் கார்?

மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நாலு லட்சத்துக்கு 18 கொடுக்கிற கார், பழைய காருக்கு 1,20,000 போக 2,80,000 சேமிப்பில் இருந்து. ஐந்து வருஷம் கழித்து இரண்டு லட்சத்துக்கு விற்றால், தேய்மானமும் விட்ட வட்டியும் சேர்ந்து வருஷம் 60,000, ரிப்பேரில் மிச்சமாகிற 15,000 போனால் 45,000. 12 கொடுக்கிற பழைய காரோடு ஒப்பிட்டால் கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் 78 காசு. மாதம் 1,350 கிலோமீட்டர் ஓட்டினாலே சரியாகிவிடுகிறது. புது காருக்கு 2,400 தேவைப்பட்டதே, அதோடு பாருங்கள். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததால் புது கார் விலை இறங்கியது, அதை வைத்து செகண்ட் ஹேண்டிலும் பேரம் பேசுங்கள். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெள்ளத்தில் நின்ற காரா என்று சீட் அடி, கார்பெட் அடி, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், சென்னை வண்டி என்றால் கட்டாயம்.

மின்சார கார்?

சின்ன மின் கார் ஊருக்குள் ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் போகும். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் கிலோமீட்டர் ஒன்றரை ரூபாய். 12 கொடுக்கிற பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் ஆறேழு ரூபாய் மிச்சம், இந்தப் பக்கத்தில் வேறு எதிலும் இவ்வளவு மிச்சம் இல்லை. ஆனால் வீட்டில் சொந்தமாக வண்டி நிறுத்தும் இடமும் பிளக் பாயின்ட்டும் இருப்பவருக்குத்தான் இது. அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருந்து ஒயர் விட முடியாது. நம் மின் கட்டணம் அடுக்கு முறை என்பதால், இரண்டு மாதத்தில் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீட்டில் கார் சார்ஜும் சேர்ந்தால் மொத்த பில்லும் மேல் அடுக்குக்குப் போகும், அதையும் கணக்கில் சேருங்கள். தினமும் 60, 70 கிலோமீட்டர், தினமும் அதே பாதை, வீட்டில் சார்ஜர், இந்த மூன்றும் இருந்தால் பெட்ரோல் கார் வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் கணக்கு எப்படி இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எப்போது சொல்வீர்கள்?

அடியில் துரு. கடற்கரை ஊர்களில், நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னையில் பெசன்ட் நகர் பக்கம் ஓடிய கார்களில் தரைத்தகடும் சஸ்பென்ஷன் மாட்டுகிற இடமும் அரித்திருக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகும். அந்தக் காரை நான் என் வீட்டில் யாரையும் ஓட்ட விடமாட்டேன்.

இன்னொன்று காற்றுப்பை. டிரைவருக்குக் காற்றுப்பை எல்லாப் புது கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். பிரேக்கும் அதே வருஷம் ஏப்ரலில்தான். அதற்கு முன் வந்த குறைந்த விலை மாடல்களில் பலவற்றில் இரண்டும் இல்லை. ஊருக்குள் 40-ல் போய் வருகிற காருக்கு இதைக் காரணமாகச் சொல்லி மாற்றச் சொல்லமாட்டேன். வாராவாரம் மனைவி, குழந்தைகளோடு நாற்கரச் சாலையில் 200 கிலோமீட்டர் போகிறீர்கள் என்றால் மாற்றச் சொல்வேன், மாதம் எத்தனை ரூபாய் கூடுதலாக ஆனாலும் சரி. அப்பாவின் சான்ட்ரோவை நாங்கள் திருச்சிக்கு வெளியே எடுப்பதே இல்லை, வெளியூர் என்றால் வேகன்ஆரும் வேண்டாம் என்று ரயில்தான்.

எக்ஸ்சேஞ்ச் போனஸ் 40,000 தருகிறேன் என்கிறார்களே?

பழைய காருக்கு அவர்கள் போடுகிற விலையையும் போனஸையும் கூட்டுங்கள். பிறகு வெளியில் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். போனஸைக் கொடுத்துவிட்டுப் பழைய கார் விலையில் அதைக் குறைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இன்ஷூரன்ஸை வெளியில் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, அதாவது பழைய காரில் சேர்ந்த நோ கிளைம் போனஸ், உங்களுடையது, காரோடு போகாது, கடிதம் வாங்கிப் புது பாலிசியில் போடச் சொல்லுங்கள், 50 சதவீதம் வரை இருக்கும்.

யாரும் வாங்கமாட்டேன் என்கிற அளவுக்குப் பழசு. காயலான் கடையில் போட்டுவிடலாமா?

அப்படியே போடாதீர்கள். பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கும், அந்த நம்பர் பிளேட்டையோ சேஸையோ யாராவது தவறாகப் பயன்படுத்தினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள், அதைக் காட்டினால் அடுத்து வாங்கும் புது காருக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது, சாலை வரியில் சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரை சலுகை கொடுக்க மாநிலங்களுக்கு மத்திய அரசின் விதி இடம் தருகிறது. ஆர்.சி. ரத்தான ரசீது கைக்கு வரும் வரை விடாதீர்கள்.

விற்கிறவர்களுக்கும் இதேதான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், வாங்கியவர் பெயருக்கு ஆர்.சி. மாறியதை மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நீங்களே பாருங்கள். கடனில் வாங்கிய கார் என்றால் பேங்க் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யில் இருந்து கடனை நீக்குகிற படிவம் 35-ம் முதலில். கொடுத்த நாள், நேரம் எழுதி வாங்கியவரின் கையெழுத்தோடு ஒரு தாள் உங்களிடம் இருக்கட்டும். ஃபாஸ்ட்டேக்கையும் அன்றைக்கே மூடிவிடுங்கள், விற்ற காருக்கு ஆறு மாதம் சுங்கம் கட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.